ஞானதுரையின் மூச்சு

எங்கள் மாத இதழின் ஆசிரியர் கிங்ஸ் சர்க்கிளில் காபிப்பொடி வாங்கும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இத்தனை வருஷம் சிகரெட்டை விடவைக்கிற ஆஸ்பத்திரியிலதானே இருந்தேள்? எந்த மருந்து பெஸ்ட்னு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கோளேன். எங்காத்துலயே ரெண்டு பேர் இருக்கா" என்றார். இருவரில் ஒருவர் அவரே என்பது சட்டைப்பையின் வடிவத்திலேயே தெரிந்தது.

பதிலுக்கு ஒரு பக்கம் தேவையில்லை. தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச் மட்டும் போட்டுக்கொண்டால் ஓரளவு உதவும். அதோடு நிக்கோட்டின் பபிள்கம்மையும் மென்றால் இன்னும் நன்றாக உதவும். மாத்திரைகளில் வரெனிக்ளின், தனிப் பேட்சைவிட அதிகம் பேரை விடவைக்கிறது; பேட்சும் கம்மும் சேர்ந்ததோடு ஏறக்குறைய சமம். சைட்டிசின் என்று ஒரு செடியிலிருந்து வரும் பழைய மருந்து உண்டு, அதுவும் அந்த வரிசையில் நிற்கும். புப்ரோபியான் கொஞ்சம் பின்னால். எதைத் தின்றாலும் கூடவே பேசுவதற்கு ஒரு ஆள் இருந்தால் பலன் கூடும். எதைத் தின்றாலும் விடுகிறவர்களைவிட விடாதவர்களே அதிகம். யாருக்கு எது ஆகும் என்பதை அவரவர் டாக்டர் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது.

ஆசிரியர் கேட்டது முடிந்தது. மீதி இடத்தில், இந்த ஒப்பீட்டை எப்படிச் செய்கிறார்கள் என்றும், அதில் ஒரு வியாழக்கிழமை நான் என்ன செய்தேன் என்றும் எழுதுகிறேன். அதை யாரும் கேட்கவில்லை.

மருந்தியல் படித்தேன். மாட்டுங்காவில் ஒரு மருந்துக்கடையில் சில வருடம் இருமல் சிரப் விற்றேன். பிறகு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில் பல வருடம். அங்கிருந்து மருந்து ஆராய்ச்சிப் பிரிவுக்கு ஒருங்கிணைப்பாளர் என்ற பெயரில் மாற்றினார்கள். மூன்று நாள் பயிற்சி. அதில் ஒன்றரை நாள், எழுதியதை எப்படி அடிப்பது என்பதற்கே போயிற்று. ஒற்றைக் கோடு, அடியில் இருப்பது தெரிய வேண்டும், பக்கத்தில் பெயரின் முதலெழுத்தும் தேதியும். வெள்ளை மை வைத்திருந்தால் வேலை போய்விடும். என் வாழ்க்கையில் வேறெந்தத் தவறையும் இவ்வளவு ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொண்டதில்லை.

பிரிவின் தலைவர் டாக்டர் சப்னிஸ். மெலிந்தவர், மெதுவாகப் பேசுவார், எல்லோரிடமும் மராத்தியில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பார். நோயாளி உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைப்பார். பத்து நிமிடம் அவர் நேரத்தைப் பார்க்கமாட்டார் என்று அதற்குப் பொருள். ஆனால் பத்தாவது நிமிடம் முடியும்போது கை தானாகக் கடிகாரத்திடம் போகும். "பிடித்தீர்களா?" என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை. "இந்த வாரம் எத்தனை?" என்றுதான் கேட்பார். பிடிக்கவில்லை என்று பொய் சொல்வது எளிது, எண்ணிக்கையில் பொய் சொல்ல யோசிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. எங்களிடம் அவர் அடிக்கடி சொன்னது ஒன்றுதான்: எழுதாதது நடக்கவில்லை.

அப்போது எங்கள் பிரிவில் மாத்திரையையும் பேட்சையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு டப்பா மாத்திரை, ஒரு கட்டு பேட்ச். சிலருக்கு மாத்திரை நிஜம், பேட்ச் வெறும் பிளாஸ்திரி. மற்றவர்களுக்குப் பேட்ச் நிஜம், மாத்திரை வெறும் மாவு. யாருக்கு எது என்பது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மூன்று மாதம் மருந்து. ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும் வந்து மூச்சு ஊத வேண்டும்.

ஊதுகிற கருவி உள்ளங்கை அளவு. முனையில் ஓர் அட்டைக் குழாய், ஆளுக்கு ஒன்று, திரும்பப் பயன்படுத்தக் கூடாது. மூச்சை நன்றாக இழுத்துப் பதினைந்து விநாடி அடக்கி, பிறகு மெதுவாக, கடைசிச் சொட்டுவரை ஊத வேண்டும். புகைக்கிறவர் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இருக்கும்; அது மூச்சில் வரும். எங்கள் விதிப்படி பத்துக்குக் கீழே இருந்தால் விட்டவர். பத்தும் அதற்கு மேலும் என்றால் வாயால் என்ன சொன்னாலும் புகைப்பவர்.

வராதவரும் புகைப்பவர்தான். மூன்று முறை போன், ஒரு கடிதம், ஒரு முறை நேரில் தேடிப் போவது. அதற்கும் ஆள் கிடைக்காவிட்டால் "புகைக்கிறார்" என்று எழுதி மூடிவிட வேண்டும். உலகெங்கும் இதுதான் வழக்கம். நியாயமும் இருக்கிறது, விட்டவன் சொல்லிக்கொள்ள வருவான், விடாதவன் வரமாட்டான். இந்த விதியின்படி பார்த்தால், ஓய்வு பெற்ற பிறகு என்னைப் பார்க்க வராதவர்கள் அத்தனை பேரும் புகைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஞானதுரை தாராவியில் ஒரு பாவ் ரொட்டி பேக்கரியில் வேலை பார்த்தார். திசையன்விளைப் பக்கத்துக்காரர், வயது ஐம்பத்தெட்டு, பதினான்கு வயதிலிருந்து பீடி. மனைவி இறந்தபின் வாடகை அறையை விட்டுவிட்டு, பேக்கரி மேலே மாவு மூட்டை அடுக்கும் பலகைத் தட்டில் படுத்துக்கொள்வார். சம்மதப் படிவத்தைத் தமிழில் கொடுத்தேன். மொழிபெயர்த்தவர் யாரென்று தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது என்பது மட்டும் தெரிந்தது. ஞானதுரை ஒரு விரலை வரிக்கு வரி நகர்த்தி, வேதாகமம் வாசிப்பதுபோல வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மேடம், இது தமிழா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"சரி, எங்க கையெழுத்து போடணும்?"

ஏன் விட நினைக்கிறீர்கள் என்று கேட்பது முறை. பெரும்பாலும் 'உடம்புக்கு ஆகாது' என்பார்கள், நான் எழுதிக்கொள்வேன். இவர் வேறு சொன்னார். செம்பூரில் இருக்கும் மகள் ஜெபாவுக்கு இரண்டு வாரம் முன்பு குழந்தை பிறந்திருக்கிறது. மாதம் நிறையும் முன்பே பிறந்ததால் நெஞ்சு பலமில்லை. பீடி வாசனையோடு யாரும் கிட்டே வரக் கூடாது என்று குழந்தை டாக்டர் சொல்லிவிட்டார்.

"மகளுக்கு ஆறு மாச லீவு. அது முடிஞ்சதும் ஆபீஸ் போணும். பிள்ளையப் பாத்துக்க நா வாரேன்னேன். மருமவன் என்ன சொல்லுதாருன்னா, மாமா நீங்க இதுக்கு முன்ன நாலு மட்டம் விட்டாச்சி, வாய்ச்சொல்லு வேண்டாம், ஆஸ்பத்திரி காயிதம் கொண்டாங்க, ஹால்ல கட்டில் போட்டுத் தாரேன்ங்காரு."

"மருமகன் என்ன வேலை?"

"கம்பெனியில ஆடிட்டு."

"அதான்" என்றேன்.

முதல் வாரத்திலேயே விட்டார். நான்காவது வாரம் ஊதினார்: மூன்று. பன்னிரண்டாவது வாரம்: நான்கு. எண்ணைக் காட்டியபோது குழாயை முகர்ந்து பார்த்துவிட்டு, "எனக்கே என் வாய்நாத்தம் இல்லாம ஒருமாதிரியா இருக்கு" என்றார். எல்லாப் புகழும் மாத்திரைக்கு. பேட்சைப் பற்றி அவருக்கு மதிப்பில்லை. "அது சும்மா ஸ்டிக்கரு மேடம். மாத்திரதான் ஆளு."

வரும்போதெல்லாம் பத்து நிமிடம் முடிந்த பிறகும் என் அறையில் உட்கார்ந்திருப்பார். குழந்தை எத்தனை கிலோ, எந்தப் பக்கம் புரள்கிறது, எல்லாம் சொல்வார். அவர் அதுவரை அதைத் தொட்டதில்லை. செம்பூரில் வாசற்படிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருவார். "இந்த வாரம் எப்படி இருந்தது?" என்று கேட்பது என் வேலை. சம்பளத்துக்குக் கேட்டேன். அவர் சம்பளம் இல்லாமல் என்னைத் திருப்பிக் கேட்பார். மாட்டுங்காவில் என் வீட்டில் நான் தனியாக இருப்பதை எப்படியோ தெரிந்துகொண்டு, "சாயங்காலம் என்ன மேடம் செய்வீங்க?" என்றார் ஒரு நாள். டி.வி. பார்ப்பேன் என்றேன். "அது திருப்பிப் பேசாதே" என்றார். படிவத்தில் அதை எழுத இடமில்லை.

ஆறாவது மாதப் பரிசோதனைக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம் சலுகை உண்டு. அவர் எப்போதும் திங்கட்கிழமை காலையில்தான் வருவார், பேக்கரிக்கு அன்று விடுமுறை. அந்த முறை மருந்து கம்பெனியின் தணிக்கையாளர் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. காலியாக இருக்கும் கட்டங்களை அவர் மஞ்சள் பேனாவால் வட்டமிடுவார். ஞானதுரையின் கட்டம் காலியாக இருந்தது. புதன்கிழமை அவருக்குப் போன் செய்தேன்.

"நாளைக்கு மத்தியானம் வந்துடுங்க."

"திங்கக்கெழம வாரேனே மேடம், சுட்டி, லீவு அன்னைக்கி."

"நாளைக்கு வாங்க. வேலை முடிஞ்சு நேரா வந்தாப் போதும், குளிச்சுட்டு அலங்காரம் பண்ணிண்டு வரணும்னு இல்லை."

நேராக வந்தார். புருவத்தில் மாவு. கையில் ஒரு துணிப்பை, பிதுங்கிக்கொண்டு. அவருக்குப் பின்னால் ஜெபா. குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்தே நேராகக் கூட்டிப்போக வந்திருந்தாள். கட்டில் வாங்கியாயிற்று என்று அவரே சொன்னார்.

அடக்கி ஊதினார். பதினேழு.

விதிப்படி சற்று நேரம் விட்டு, புதுக் குழாய் மாட்டி, மறுபடி ஊதச் சொன்னேன். பதினாறு.

"கடைசியா எப்போ பிடிச்சீங்க?"

"பிடிக்கல மேடம். நூத்தி எழுவது நாளாச்சி, தொடல."

"மெஷின் வேற சொல்றதே."

"மிசினு என்ன சொன்னா எனக்கென்ன? எங்க அம்மா சத்தியமா..."

சத்தியம் செய்தவர்களை நிறையப் பார்த்திருந்தேன். அம்மா மீது, பிள்ளை மீது, கருவியின் மீதேகூட. ஒருவர் ஊதும்போதே சட்டைப்பையில் இருந்த பாக்கெட் கீழே விழுந்தது, அப்போதும் சத்தியம் செய்தார். எனக்குக் கோபம் வந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். ஞானதுரை என்னிடம் பொய் சொல்லமாட்டார் என்று நினைத்துவிட்டிருந்தேன். அப்படி நினைத்ததற்காக என்மேல் வந்த கோபம் அது.

"ஞானதுரை, நான் மெஷினைத்தான் எழுத முடியும். சத்தியத்துக்குக் கட்டம் கிடையாது."

ஜெபா அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த நுரையீரல் படத்தைப் பார்த்துக்கொண்டு, "இன்னைக்கு ஒரு நாளாவது இருந்திருக்கலாம்ல பப்பா" என்றாள். பிறகு இந்தியில், யாரிடமோ சொல்வதுபோல, "சலோ" என்றாள். அவர் பையை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனார். லிஃப்ட் வரை சேர்ந்துபோனார்கள். ஜெபா மட்டும் உள்ளே ஏறினாள். அவர் படிக்கட்டில் இறங்கினார்.

நான் எழுதினேன்: புகைக்கிறார். வெள்ளிக்கிழமை தணிக்கையாளர் என் கோப்புகளைப் பார்த்துவிட்டு மஞ்சள் பேனாவை மூடிக்கொண்டார். இந்தப் பிரிவில் இவ்வளவு சுத்தமான கோப்பு பார்த்ததில்லை என்றார்.

பன்னிரண்டாவது மாதம் ஞானதுரை வரவில்லை. மூன்று போன், எடுக்கவில்லை. கடிதம், பதில் இல்லை. விதிப்படி மிச்சமிருந்தது நேரில் போவது. கருவியைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு காலை தாராவிக்குப் போனேன்.

பேக்கரி ஒரே அறை. சன்னல் இருந்த இடத்தில் ரொட்டித் தட்டுகள் அடுக்கியிருந்தன. உள்சுவரில் பட்டி, அதாவது விறகு எரியும் அடுப்பு, குகைபோல வாய் திறந்திருந்தது. பழைய மரச்சாமான்களை உடைத்து எரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாற்காலியின் கை அடையாளம் தெரியும்படி எரிந்தது. ஞானதுரை நீளக் கழியால் தட்டுகளை உள்ளே தள்ளுவதும் இழுப்பதுமாக இருந்தார். என்னைப் பார்த்தார், நிறுத்தவில்லை.

"இந்த ஈடு எறங்கட்டும் மேடம். உக்காருங்க."

ஒரு மாவு மூட்டைமேல் உட்கார்ந்தேன். ஓர் ஈடு அல்ல, நான்கு ஈடு இறங்கியது. ஒன்றரை மணி நேரம். பேக்கரி முதலாளி இரண்டு முறை டீ வாங்கிக் கொடுத்து, "மேடம்ஜி, கர்மி ஹை, பாஹர் பைட்டியே" என்றார்; உள்ளே சூடு, வெளியே உட்காருங்கள் என்று. வெளியே போனால் ஞானதுரை பின்வழியாகப் போய்விடுவார் என்று உள்ளேயே இருந்தேன். கடைசியில் அவர் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து நின்றார்.

"நா ஊத மாட்டேன். அது என்னய நம்பாது."

"அது யாரையும் நம்பாது, யாரையும் சந்தேகப்படாது. உள்ளே இருக்கறதைச் சொல்லும், அவ்வளவுதான். நான் ஊதறேன், பாருங்க. புகை பிடிக்காதவாளுக்கு ரெண்டோ மூணோ வரும்."

புதுக் குழாய் மாட்டினேன். அடக்கினேன். ஊதினேன்.

பதின்மூன்று.

கருவியை அணைத்து மறுபடி போட்டு, இன்னொரு குழாயை எடுத்து ஊதினேன். பதின்மூன்று. வாழ்நாளில் ஊதுவத்தியைத் தவிர வேறெதையும் நான் பற்றவைத்ததில்லை.

ஞானதுரை குனிந்து எண்ணைப் பார்த்தார். பட்டியைத் திரும்பிப் பார்த்தார். என்னைவிட முன்னதாக அவருக்குப் புரிந்தது.

"மேடம்," என்றார், "கடைசியா எப்போ பிடிச்சீங்க?"

அடுப்பில் தட்டு மாற்றிக்கொண்டிருந்த ஆள் சிரித்தான். அவரும் சிரித்தார். சிரித்து முடித்தபின், அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

எரிகிற விறகிலும் அதே வாயுதான் வருகிறது. பட்டிமுன் நின்றவர் நேராக வந்து ஊதினால் பீடி பிடித்தவர்போலத்தான் காட்டும். ஓர் இரவு ஓய்வில் அது வடிந்துவிடும். அதனால்தான் திங்கட்கிழமைகளில் மூன்றும் நான்கும் வந்தது. இதெல்லாம் நான் படித்தது. மருந்தியலில் பரீட்சை எழுதித் தேறியது. தொழில் என்ற கட்டத்தில் 'பேக்கரி' என்று என் கையால் எழுதியிருந்தேன். வியாழக்கிழமை வரச் சொன்னதும் நான், குளிக்க வேண்டாம் என்று சொன்னதும் நான்.

"இப்போ பிடிக்கறீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா."

"அன்னைக்கே ஆரம்பிச்சீங்களா?"

"அன்னைக்கி இல்ல. அதுக்கப்பறம் ரெண்டு வாரம் இருந்தேன். ஞாயித்துக்கெழம செம்பூருக்குப் போனேன், பிள்ளையப் பாக்க. கதவத் தொறந்து, பப்பா இனிமே போன் பண்ணிட்டு வாங்கன்னா. வாசல்லயும் நிக்கக் கூடாதுன்னு அர்த்தம். எறங்கி வந்து ஸ்டேசன்ல வாங்குனேன். எழுதிட்டாங்களே, பொறவு எதுக்கு வெட்டிக்கின்னு."

டாக்டர் சப்னிஸின் அறைக்குப் போய் நின்றேன். அவர் கடிகாரத்தைக் கழற்றிக் கவிழ்த்தார். அதுவரை நோயாளிகளுக்கு மட்டுமே அவர் அதைச் செய்து பார்த்திருக்கிறேன். எல்லாம் கேட்டுவிட்டு இரண்டே கேள்வி கேட்டார்.

"முன்பு வந்ததெல்லாம் எந்தக் கிழமை?"

"திங்கள்."

"இது?"

"வியாழன்."

எண்ணை அடிக்க முடியாது என்றார். பதினேழு என்பது பொய்யில்லை, கருவி காட்டியது. அதன் கூடவே நடந்ததை விளக்கி ஒரு குறிப்பு சேர்க்கலாம். முடிவில் அவர் புகைப்பவர் கணக்கிலேயே இருப்பார். "ஆராய்ச்சிக்கு அவர் ஒரு ஆள். அதனால் ஒன்றும் மாறாது. ஆனால் அவருக்கு இருப்பதே அந்த ஒரு ஆள்தான்" என்றார். பத்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. அவர் கை கடிகாரத்திடம் போகவில்லை. "மகளிடம் நீங்கள்தான் போக வேண்டும்."

செம்பூருக்குப் போனேன். கூடம் முழுவதும் பெட்டிகள். மருமகனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்து, அவர் முன்பே போய்விட்டார். பத்து நாளில் ஜெபாவும் குழந்தையோடு போகிறாள். ஓர் ஓரத்தில் கட்டில் இருந்தது, அதன்மேல் சூட்கேஸ்கள். குழந்தை ஒரு சூட்கேஸின் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, உட்கார்ந்து, மறுபடி நின்றது.

நடந்ததைச் சொன்னேன். எண், விறகு, வியாழக்கிழமை, என் தவறு, எல்லாம். ஜெபாவுக்குக் கண் நிறைந்தது. பிறகு கேட்டாள்:

"ஆன்ட்டி, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இப்ப பப்பா பிடிக்கிறாரா, இல்லையா?"

பொய் சொல்லத் தெரியாதவள் அல்ல நான். ஆனால் குழந்தை அங்கே நின்றுகொண்டிருந்தது.

"பிடிக்கறார்."

"அப்ப நா என்ன ஆன்ட்டி பண்ணட்டும்?"

கிளம்பும்போது, அப்பாவை ஸ்டேஷனில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லச் சொன்னாள். குழந்தையைக் கொண்டுவருவதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவர்கள் போன பிறகு ஒரு திங்கட்கிழமை ஞானதுரை தானாக வந்தார். "அதே மாத்திர குடுங்க மேடம், நா மறுபடி விடுதேன்" என்றார். ஆராய்ச்சி அதற்குள் முடிந்து, யாருக்கு எது நிஜம் என்ற பட்டியல் பிரிக்கப்பட்டிருந்தது. அவருக்கு நிஜமாக இருந்தது, ஸ்டிக்கர் என்று அவர் ஒதுக்கிய பேட்ச். மாத்திரை வெறும் மாவு. பேக்கரிக்காரருக்கு மாவு கொடுத்திருக்கிறோம். அதைச் சொல்லியாக வேண்டும், அதுவும் முறைதான். சொன்னேன். "அப்ப மாவுலயே பாதி விட்டேன்னு வைங்க" என்றார்.

டாக்டர் இந்த முறை ஆராய்ச்சிக்கு வெளியே, நிஜ மாத்திரையையே எழுதிக் கொடுத்தார். எங்கள் ஒப்பீட்டிலும் மாத்திரைதான் முன்னால் வந்தது. நாங்கள் எதிர்பார்த்தபடியே, உலகம் முன்பே சொன்னபடியே. ஞானதுரைக்கு மாத்திரையில் முதல் இரண்டு வாரம் குமட்டலும் கெட்ட கனவும் வந்தன. மூன்றாவது வாரம் பீடி நின்றது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்தார். இரண்டு, மூன்று, இரண்டு. அந்த எண்களுக்கு எந்தப் படிவமும் இல்லாததால் மேசை நாட்காட்டியில் எழுதிவைத்தேன்.

ஆறு மாதம் முடிந்த திங்கட்கிழமை டாக்டர் கையெழுத்துப் போட்ட கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் அச்சிட்ட தாள், ஆங்கிலத்தில் நான் தட்டச்சு செய்தது, முத்திரையோடு. மருமகன் முதலில் கேட்ட அதே காகிதம். எனக்கு ஓய்வு பெற இன்னும் நான்கு நாள் இருந்தது. அறையில் பாதியைக் காலி செய்திருந்தேன்.

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். திருப்பிப் பார்த்தார், முத்திரையைத் தடவினார்.

"மகளுக்கு அனுப்பறீங்களா?" என்று கேட்டேன்.

"நேத்தே போன்ல சொன்னேன், நாளைக்குக் காயிதம் தருவாங்கன்னு. நல்லதுப்பான்னா. வீடியோவுல பிள்ளையக் காட்டுனா. தாத்தா சொல்லுன்னா. அது என்னயப் பாத்துட்டு அவ முதுகுக்குப் பின்னால போயிட்டு. எப்படித் தெரியும் பாவம்." தாளை நான்காக மடிக்கப் போனவர், மடிக்காமல் நிறுத்தினார். "இத இனி யார்ட்ட மேடம் காட்டட்டும்?"

கையை நீட்டினேன். கொடுத்தார்.

"இங்கிலீசுல இருக்கு. என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்றேன்.

ஒரு வருடத்துக்கு மேலாக அவரைப் பற்றி நாங்கள் எழுதிய எதையும் அவருக்கு வாசித்துக் காட்டியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லி வாசித்தேன். ஞானதுரை என்பவர் இந்த மருத்துவமனைக்கு வந்துகொண்டிருக்கிறார். ஆறு மாதமாக அவர் புகைப்பதில்லை. ஒவ்வொரு வாரமும் மூச்சைச் சோதித்து இதை உறுதி செய்திருக்கிறோம். முன்பு ஒரு முறை அவர் புகைப்பதாகப் பதிவானது. அப்போதும் அவர் உண்மையே சொன்னார் என்று நாங்கள் நம்புகிறோம்.

அவர் நின்றுகொண்டே கேட்டார், கோவிலில் நிற்பதுபோல, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு. முடித்ததும் தாளை நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"கடைசி வரிய இன்னொரு மட்டம் வாசிங்க" என்றார்.

வாசித்தேன்.